பக்கத்து வீட்டுக் குப்பை

பக்கத்து வீட்டுக்காரியின் நகைமேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை. புடவைமேலும் வந்ததில்லை. அவள் வீட்டுக் குப்பைமேல்தான் வந்தது. சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் தெரு. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரித்தூள் மாடியில் காய்கிற துணிமேல் படியும். வெள்ளைச் சட்டை வாங்குவதை நாங்கள் விட்டு வெகுநாள் ஆகிறது. ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும் கலந்திருந்தால் வாங்க மாட்டோம் என்று குப்பை வண்டிக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தபோது, நானும் அவளும் எளாவூர் போகிற ரோட்டில் உள்ள பழைய சாமான் கடையில் ஈரக் குப்பையை மக்கவைத்து உரமாக்க ஆளுக்கொரு நீல டிரம் வாங்கினோம். ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்தோம். என் வீட்டுக்காரர்தான் இரண்டுக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அதனால் பிறகு நடந்ததற்கு டிரம்மைக் குறை சொல்ல வழியில்லை.

அவள் பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். இங்கே வாழ்க்கைப்பட்ட வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன் குடும்பம், பிள்ளைகள் என்று எப்போதும் பந்தி நடக்கிற மாதிரி இருக்கும். காலையிலேயே ஒரு முறம் நிறைய வெங்காயத் தோல் வெளியே வரும். பிறகு வாழைப்பூ மடல், பூசணிக் குடல், இறால் தோல். பலாப்பழம் அறுத்தால் கேட்கவே வேண்டாம், டிரம்மின் மூடி மூடாது.

என் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அவருக்கு ஷிப்டு வேலை, சாப்பாடு கம்பெனி கேன்டீனில். எனக்கு மட்டும் என்ன பெரிய சமையல் செய்துவிடப் போகிறேன்? டீத்தூள் சக்கை, இரண்டு வெங்காயத் தோல், ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு. மக்குவதற்குக்கூடக் கூட்டம் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சமாகப் போட்டால் சூடு ஏறுவதில்லை. என் டிரம்மின் அடியில் அது அப்படியே காய்ந்து கிடந்தது. துணி உலர்த்துகிற சாக்கில் சுவரோரம் நின்று அவள் டிரம்மைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

இதோடு போயிருந்தால் எரிந்து அணைந்திருக்கும். ஆனால் என் மகள் நடுவில் வந்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். மீஞ்சூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள். பால்கனி முழுக்கத் தொட்டிகள். மிளகாய், தக்காளி, ரோஜா. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் வருவாள். வந்ததும் பக்கத்து வீட்டு கேட்டைத்தான் முதலில் திறப்பாள். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் அடுப்பில் வைத்த குழம்பு கொதித்து அடங்கின பிறகு கையில் உரப் பையோடு என் வீட்டுக்கு வருவாள்.

"ம்மா, இத்த மோந்து பாரேன். மழ பேஞ்ச மண்ணு மாதிரியே கீது. சின்னம்மா கைராசிமா."

சின்னம்மாவாம். எனக்குக் கூடப்பிறந்த தங்கை என்று யாருமே கிடையாது. நான் மோந்து பார்க்கவில்லை. தட்டை எடுத்து வைத்து, "கைய கழுவிக்கினு வா" என்றேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியே சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "யக்கா, உன் டிரம்மு காலியாவே கீதே. எங்கூட்டுத் தோல ரெண்டு கூட எட்த்துக்கினு போயேன். இங்க கொட்ட எடமே இல்ல."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. குப்பையைத் தானம் வாங்குகிற நிலைக்கா வந்துவிட்டேன்? "வாணாம்மா, எங்கூட்டுதே ரொம்பி வழியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எல்லாரையும் போல நானும் வாசல் கடையில் உப்பு மிளகுப் பொட்டலம் வாங்கி, அம்மன் முன்னால் கொட்டி வேண்டிக்கொண்டேன். மற்றவர்கள் கல்யாணம், குழந்தை, வேலை என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்டது, என் மகள் முதலில் என் வாசலுக்கு வர வேண்டும் என்பதுதான். வேறு எதுவும் அப்போது மனதில் வரவில்லை.

கோயிலைச் சுற்றி வரும்போது பின்பக்கம் பார்த்தேன். வேப்பிலையும் மாலைகளும் வாழையிலையும் என் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. எனக்கு அம்மனே கண்ணைத் திறந்தது போல இருந்தது. பூசாரியிடம் கேட்டேன்.

"எட்த்துக்கினு போம்மா, நல்லா இருப்ப. இத்த அள்ளிப் போடறதே எனக்குப் பேஜாரா கீது" என்றார்.

சாக்குச் சாக்காகச் சுமந்தேன். மாலைகளில் நாரைப் பிரித்தேன், எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி எறிந்தேன், வேப்பங்குச்சிகளை ஒடித்தேன். "கோயில் குப்பைய இன்னாத்துக்கு ஊட்டுக்கு இழுத்துக்கினு வர்ற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அடுத்த சாக்கைக் கவிழ்த்தேன். என் டிரம் முதல்முறையாக விளிம்புவரை நிறைந்தது. சில நாளில் உள்ளே கையை விட்டால் சூடு தெரிந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, திடீர்னு ரொம்பிடுச்சு?"

மூடியை எடுத்துப் போட்டு மூடினேன். அவளும் கொஞ்சம் எரியட்டும்.

கார்த்திகைக்குள் எல்லாம் கறுத்து உதிர்ந்துவிட்டது. மாவுச் சல்லடையில் சலித்து, இரண்டு பைகளில் கட்டி, ரயிலேறி மீஞ்சூருக்குப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்தேன். சின்னம்மா உரம் கலந்த மண்ணை வாளியில் அள்ளிக் கீழே கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் கொட்டினேன். பிறகு என் உரத்தைத் தாராளமாகப் போட்டுச் செடிகளைத் திரும்ப நட்டேன். திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்றைக்கு எல்லாமே கிடைத்தது போல இருந்தது.

மறுவாரம் கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் போனில் என் மகளின் குரல் கேட்டது; பக்கத்து வீட்டுக்காரி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"சின்னம்மா, மொளகா எலயெல்லாம் ஓரம் கருகிப் போச்சு. தக்காளி தொவண்டுடுச்சு. அம்மா புதுசா உரம் போட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாத, வருத்தப்படுவாங்க."

செடி கருகியது எனக்கு ஒரு பக்கம்தான் வலித்தது. என் உரத்தால் வந்த வினையை என்னிடம் கேட்காமல் அவளிடம் கேட்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பிழிந்த துணியை அப்படியே போட்டுவிட்டு என் டிரம்மைத் திறந்தேன். அடியில் மிச்சமிருந்த உரத்தின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

பூசாரி அம்மன் முன்னால் கிடப்பதையும் அதே துடைப்பத்தால் கூட்டி, அதே குவியலில்தான் தள்ளுவார். அதை எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! ஊர் ஜனங்கள் தங்கள் கஷ்டமெல்லாம் கரையட்டும் என்று கொட்டிய உப்பு முழுவதும் என் டிரம்மில் மழை படாமல் பத்திரமாக இருந்திருக்கிறது. அதையே நான் மீஞ்சூருக்குச் சுமந்துபோய் மகளின் செடிக்கு வைத்திருக்கிறேன். அதில் என் பொட்டலமும் சேர்த்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டையே பார்த்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மகள் தெருமுனையில் திரும்பினாள். இரண்டு கையிலும் பை. பக்கத்து வீட்டு கேட்டைத் தாண்டினாள். நிற்கவில்லை. நேராக என் வாசலுக்கு வந்தாள். வேண்டுதல் பலித்துவிட்டது என்று நிஜமாகவே நினைத்தேன்.

"ம்மா, இந்தா. தொட்டி மண்ணு. அங்க கீழ கொட்ட உட மாட்றாங்க, அதான் எட்த்துக்கினு வந்தேன். கை உட்டுப் போச்சு" என்று கனமான பையை வாசற்படியில் இறக்கினாள்.

இன்னொரு பையில் காய்கறித் தோல் தெரிந்தது. வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் சேர்த்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். என் டிரம் காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். நான் கையை நீட்டினேன்.

"இது சின்னம்மாவுக்குமா. அவங்க டிரம்முல போட்டா சீக்கிரம் மக்கிடும். இதோ வந்துடறேன்."

போய்விட்டாள். கேட் திறக்கிற சத்தமும், பின்னாலேயே சிரிப்பும் கேட்டன. வீட்டுக்காரர் உள்ளிருந்து, "பொண்ணு வந்துட்சா?" என்றார். "வந்துட்டுப் போயாச்சு" என்றேன்.

மண் பையை ஓரமாக இழுக்கும்போது வாசலில் ஒரு சுரைக்காய்த் தோல் கிடந்தது. அவள் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். பாதிச் சதையோடு தடிமனாகச் சீவியிருந்தது. மெல்லிசாகச் சீவு, மெல்லிசாகச் சீவு என்று கல்யாணத்துக்கு முன்பு தினமும் கத்துவேன். இன்னும் அப்படியேதான் சீவுகிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அதை எடுத்து என் டிரம்மில் போட்டு மூடினேன்.