பிரேக் டிரம்மில் நின்ற கிரைண்டர்

1. ஸ்டாண்டு

இரும்பு தீட்டுகிற கிரைண்டரின் சாணைக்கல் உடைந்து, ஒரு துண்டு என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. மரப்பெஞ்சில் பொருத்தியிருந்ததால் ஓடும்போதெல்லாம் அந்த மெஷினுக்கு ஆட்டம். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பஸ் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் நான் பிட்டராக இருந்தேன். யுத்த காலம், புது இரும்பு கிடைக்காது. மேஸ்திரி குட்டன் பிள்ளை பின்புறத்தைக் காட்டினார்.

"தாணு, அவிடெ கிடக்கிறதை வச்சு ஒரு ஸ்டாண்டு உண்டாக்கு. இனி மரத்திலெ வேண்டாம், கேட்டோ."

அங்கே கிடந்தது பொன்முடி மலைப்பாதையில் உருண்ட எங்கள் பஸ்ஸின் மிச்சம். டிரைவர் அருளப்பனும் இரண்டு பயணிகளும் அதில் இறந்தார்கள். டிரைவர் தூங்கிவிட்டான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. நானும் அதை நம்பியிருந்தேன்.

பின்சக்கரத்து பிரேக் டிரம்மைக் கவிழ்த்து அடிப்பாகமாக வைத்தேன். உள்ளே இறுகியிருந்த மண் கனத்துக்கு ஆகட்டும் என்று சுரண்டவில்லை. டிரம்மின் துளைகளில் ஒரு பிளேட்டை போல்ட் போட்டு முடுக்கினேன். அதன்மேல் ஆக்ஸில் குழாயை இடுப்பளவுக்கு அறுத்து வெல்டிங் வைத்தேன். உச்சியில் கிரைண்டர். ஸ்விட்சைப் போட்டால் இம்மிகூட அசையவில்லை.

2. சூடு

ஆனால் சத்தம் சரியில்லை. கிரைண்டர் ஓடும்போது குழாய்க்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. பாரவண்டி செகண்ட் கியரில் மலை இறங்குகிற முனகல். கிரைண்டரை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. யாரும் கிரைண்டரைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உளி தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு, டிரம்மை உரசிப் பிடிக்கிற பிரேக் லைனிங் கருகுகிற நாற்றம் அடித்தது. டிரம்மைத் தொட்டேன். கை சுட்டது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவரும் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"வெயில் பட்டிருக்கும்."

"இங்க வெயில் எங்க வருது, மேஸ்திரி?"

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஸ்டாண்டைச் சாய்த்து, உள்ளே இருந்த மண்ணை உளியால் பெயர்த்தேன். இரும்பு மயில்கழுத்து நிறத்தில் நீலம் பாரித்துக் கிடந்தது. விரல் நீளத்துக்கு வெடிப்புகள். பிரேக்கை விடாமல் மிதித்து, டிரம் பழுக்கக் காய்ந்தால்தான் அந்த நீலம் வரும். தூங்குகிறவன் பிரேக் மிதிக்க மாட்டான்.

அந்தச் சக்கரத்துக்கு லைனிங் போட்டது நான். தேய்ந்து போன பழையதையே திருப்பி ரிவெட் அடித்தேன். புதுசு வரவில்லை, வண்டி போயாக வேண்டும் என்றார் மேஸ்திரி. சரி என்றேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அறியாம்," என்று தலை குனிந்தபடி ஒப்புக்கொண்டார். "நீ ஒண்ணும் மிண்டாதெ, வாயை மூடி இரு. ரெண்டு பேருக்கும் ஜோலி போகும்."

3. வித்துரா

டிரம்மைக் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு மலையடிவாரத்திலுள்ள வித்துராவுக்கு பஸ் ஏறினேன். அருளப்பனின் மனைவி மரியம்மாள் அங்கே இருந்தாள். ஓட்டுக்கூரையில் பல இடங்களில் ஓடு இல்லை. இறந்த பயணி ஒருவரின் ஆட்கள் எறிந்த கல் என்றாள்.

நீலத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"அவுக தூங்கலன்னு எனக்குத் தெரியும்ணே. எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? கல்லெறிஞ்ச வீட்டுல வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இறந்த பயணியின் தகப்பனார் கதவைத் திறந்தார்.

"உங்க மகன் போன வண்டிக்கு பிரேக் கட்டினது நான்தான். பழைய லைனிங்கைப் போட்டேன். டிரைவர் கடைசிவரைக்கும் மிதிச்சிருக்காரு."

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை ஒன்றும் செய்யவில்லை. மரியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கம்பெனியிலும் எழுதிக் கொடுத்தேன். அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள். அந்த ஸ்டாண்டின் சத்தத்துக்கும் சூட்டுக்கும் இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது இதுதான்: மேலே இருப்பவர் சொன்னார் என்று போடக் கூடாத பாகத்தை மாட்டாதீர்கள். மாட்டிவிட்டால், மாட்டியது நான்தான் என்று சொல்ல, செத்தவர் வீட்டின் கதவை ஒருநாள் நீங்களே தட்ட வேண்டியிருக்கும்.