பெட்டி சூடாகும் வரை

என் பிழைப்பே சூட்டோடுதான் நடந்தது. இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் டீமேக்கராக இருந்தவன் நான். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகிச் சாக்கில் ஏறும் வரை அந்த ஸ்டோருக்குள் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் என் தலையில். டிரையரில் சூடு கொஞ்சம் ஏறினால் தூள் கருகும், கொஞ்சம் இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அளந்து காட்ட வெப்பமானி இருந்தது. இருந்தாலும் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அதை நம்புவேன். அப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு, ஓய்வு பெற்ற பிறகு ஒரு லேப்டாப்போடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஓய்வு பெற்றதும் பெரகலைக்கு மேலே ஒரு சின்ன வீட்டுக்கு நானும் மனைவியும் குடிவந்தோம். வந்த கொஞ்ச காலத்திலேயே அவள் கண்ணை மூடிவிட்டாள். எங்களுக்கு ஒரே மகன். கம்ப்யூட்டர் படித்து, மெல்பேர்னில் வேலை கிடைத்து, அங்கேயே இருந்தான். ஆரம்பத்தில் தனியாக இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டோரில் கொழுந்தை உருட்டுகிற ரோலர்கள் போடுகிற இரைச்சலில் முப்பது வருஷம் கையாலும் கண்ணாலும் பேசியவன், இனி அமைதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பெரகலைக் கடைக்கு இறங்கி ஒரு தீப்பெட்டி வாங்குவேன். வாங்கிவிட்டு அந்தத் தீப்பெட்டியைப் பற்றியே கடைக்காரரிடம் பேச்சை முடிந்த மட்டும் இழுப்பேன். அவருக்கும் வேறு ஆட்கள் காத்திருப்பார்கள். தலையை ஆட்டிக்கொண்டே அடுத்தவருக்குப் பருப்பு நிறுப்பார்.

வீட்டில் முதலில் இருந்தது மகன் பல்கலைக்கழகத்தில் பாவித்த பழைய லேப்டாப். கறுப்பு நிறம், அம்மிக்கல் கனம். ஒருமுறை அவன் லீவில் வரும்போது பெரகலை வளைவில் பஸ் சாய்ந்த சாய்வில் மேல் தட்டிலிருந்து அது கீழே விழுந்தது. கீழே உட்கார்ந்திருந்த மனுஷனுக்குக் கால் பெருவிரல் வீங்கியதே தவிர, பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. எங்கள் ஸ்டோரில் வெள்ளைக்காரன் காலத்து ரோலர் ஒன்று இருந்தது. எண்ணெய் விட்டால் போதும், கேள்வி கேட்காமல் ஓடும். இந்தக் கறுப்புப் பெட்டியும் அந்தச் சாதிதான். ஆனால் அதில் கேமரா கிடையாது, வேகமும் கிடையாது. முகம் பார்த்துப் பேசுகிற காலம் வந்ததும் அது அலமாரிக்குப் போய்விட்டது.

ஒரு டிசம்பரில் மகன் புதியதோடு வந்தான். வெள்ளி நிறம், கோப்புக்குள் சொருகி வைக்கலாம் போன்ற மெலிசு. மேசையில் வைத்துவிட்டு, ஏதோ பிள்ளையைக் காட்டுவது போல என் முகத்தையே பார்த்தான்.

"இருக்கிறதுலயே உசத்தி இதுதாம்பா. நானே இதத்தான் வாங்கணும்னு இருந்தேன். உங்களுக்கே வாங்கிட்டேன்."

ஜன்னலோரத்தில்தான் சிக்னல் கிடைத்ததால், இன்டர்நெட் வருகிற டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். எதை அழுத்தினால் அவன் வருவான் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேசுவதென்று முடிவாயிற்று. அவன் ஊரில் அது இராச் சாப்பாடு முடிந்த நேரம். அவன் போன பிறகு எனக்கு வாரம் என்றால் ஞாயிறுதான். மற்ற ஆறு நாளும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பேசலாம் என்று சேர்த்து வைக்கிற நாட்கள். கீழ்வீட்டு நாய் குட்டி போட்டது, மழையில் ரோடு சரிந்தது, கறிக்கு உப்புக் கூடிப்போனது, எல்லாம் அவனுக்காகவே நடந்ததாக எனக்குத் தோன்றும்.

அந்த உசத்திப் பெட்டி மூன்று மாதம் ஒழுங்காக இருந்தது. பிறகு அடியில் ஒட்டியிருந்த ரப்பர் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 'க' போடுகிற பித்தான் பிடுங்கிக்கொண்டு வந்தது. மூடியைத் திறக்கிற மூட்டில் வெடிப்பு விழுந்தது. இதெல்லாம் போகட்டும் என்று விட்டாலும், சூட்டை விட முடியவில்லை. பேச ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் உள்ளே காற்றாடி கத்தத் தொடங்கும். இன்னும் கொஞ்சத்தில் தொட முடியாது. அப்புறம் பொக்கென்று அணைந்துவிடும். மகன் பாதிச் சொல்லில் இருப்பான், அவன் முகம் இருந்த இடத்தில் என் முகம் தெரியும். திரும்பப் போட்டால் வராது. ஆறிய பிறகுதான் வரும். அதற்குள் அங்கே நேரமாகி அவன் படுக்கப் போயிருப்பான்.

ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என்னடா தம்பி சாமான் வாங்கிட்டு வந்திருக்க, பழசு கால் தூசிக்கு வராது" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

"அப்பா, இதவிட நல்லது கடையிலயே இல்லப்பா. நீங்க எதுலதான் குத்தம் கண்டுபிடிக்கல?"

அது உண்மைதான். ஸ்டோரிலும் எனக்கு அந்தப் பேர்தான். அன்றைக்குப் பிறகு பெட்டியைப் பற்றி நான் குறை சொல்வதில்லை. ஆனால் அது சொல்லாமல் கொள்ளாமல் அணைவதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லாமல் போனால் போனவருக்கும் ஆகாது, இருப்பவருக்கும் ஆகாது. ஞாயிறுக்கு ஞாயிறு என் மகன் அதைச் சொல்லாமலேயே மறைந்துகொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அப்படியென்றால் முதலிலேயே சொல்லிவிடுவோம் என்றான். அதன்படியே வந்தவுடன், "அப்பா, போயிட்டு வர்றேன். சரி, இப்ப சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிப்பான். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இரண்டு பைத்தியங்கள் பேசுவது போலத்தான் இருந்திருக்கும். அந்த வேடிக்கை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பேச்சை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டுமே என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். பின்னேரங்களில் எங்கள் பக்கம் பள்ளத்திலிருந்து பனி மூட்டம் ஏறி வரும். அந்தக் குளிர் சும்மா வீணாகப் போகிறதே என்று, ஞாயிறு பின்னேரம் ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். காது மூடுகிற குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மடியில் ஒரு கம்பளி, அதன் மேல் பெட்டி. மேசை மேல் வைத்தால் என் நெற்றி மட்டும்தான் அவனுக்குத் தெரியுமாம், அதனால்தான் மடி. மூட்டம் உள்ளே வந்து சுவர்ப் படத்தை மறைக்கும். பேசும்போது என் வாயிலிருந்து புகை போகும்.

"என்னப்பா இது, வீட்டுக்குள்ளயா இருக்கீங்க, வெளியிலயா?"

"உள்ளதான். காத்து நல்லா இருக்கேன்னு தொறந்து வச்சேன்."

கூடிப்போனால் ஐந்து நிமிஷம் மிச்சமாயிற்று. அதற்காக ஒரு மாதம் இருமினேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்தச் சூட்டை நான் முழுக்க வெறுக்கவும் இல்லை. பெட்டி அணைந்த பிறகும் முழங்காலில் வெதுவெதுப்பு இருக்கும். அது ஆறும் வரை எழுந்திருக்க மாட்டேன். அந்த வீட்டில் என்னைத் தவிர சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு நாள் பெட்டி அணைந்தது அணைந்ததுதான், மறுநாள் வரை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லையென்றால் என்ன செய்வேன்? மனைவி இருந்த காலத்தில் வானொலிக்கும் டிவிக்கும் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தாள். எங்கள் ஆட்களின் வீடுகளில் மதிப்பான சாமான் எதுவும் வெற்றுடம்போடு இருக்காது. அந்தப் பழக்கத்தில் நான் பெட்டியை அதே கம்பளியில் குழந்தையைப் போலச் சுற்றிக்கொண்டு, ஹப்புத்தளையில் ரயிலேறி, பதுளைக்குப் போனேன்.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் நண்பர் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் கம்பளியைப் பிரிப்பதைப் பார்த்தார், பிறகு பெட்டியின் அடியைத் திறந்து பார்த்தார். சின்ன இடுக்கியால் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பந்தை இழுத்து எடுத்துக் காட்டினார். கம்பளிப் பஞ்சு. காற்றாடியின் வாய் முழுக்க அடைத்திருந்தது.

"ஐயா, இத எங்க வெச்சுப் பாவிக்கிற?"

மடியில், கம்பளிக்கு மேலே என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை. டிரையருக்குக் காற்றுப் போகிற வழியில் சாக்கைப் போட்ட ஒருத்தனை நான் ஸ்டோர் முழுக்கக் கேட்கும்படி திட்டியிருக்கிறேன். அதே நான் மேலே குளிரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கீழே மூச்சு விடுகிற வாயைக் கம்பளியால் பொத்தியிருக்கிறேன். அதுவும் வாராவாரம், குல்லா போட்டுக்கொண்டு.

"முழுப் பிழையும் உங்கட இல்ல ஐயா. இப்பத்தய சாமான் மெல்லிசா ஈக்கோணும் எண்டுதான் செய்ற. உள்ளுக்குக் காத்துப் போக எடமே இல்ல. பழசெண்டா இந்தப் பஞ்சுக்கெல்லாம் அசையாது. கூடின விலைக்கு வித்தாலும் இது இப்படித்தான்."

சுத்தம் செய்து, உள்ளே சூட்டை வெளியே கடத்துகிற புதுப் பசை தடவித் தந்தார். கீழே காற்று ஓடும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் தூள் சலிக்கிற பழைய கம்பிச் சல்லடை ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்து இரண்டு கட்டைமேல் தூக்கி நிறுத்தினேன். அதன் மேல் பெட்டி. என் நெற்றி மட்டும் தெரியாமல் இருக்க, நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு நானும் உயர்ந்தேன். சனிக்கிழமை பின்னேரம் முழுக்கப் பழைய சினிமாப் பாட்டுகளை ஓடவிட்டு, இடைக்கிடை புறங்கையை வைத்துப் பார்த்தேன். பாட்டுகள்தான் தீர்ந்தன, பெட்டி சூடாகவில்லை. அணையவும் இல்லை. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

மகனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நேரம் போய்க்கொண்டே இருக்கும், பெட்டி அணையாது, அவனாகவே, "என்னப்பா, இன்னும் நிக்கலையே?" என்று கேட்பான், அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவசரமில்லாத பேச்சுக்கு ஆசைப்பட்டேன். இதுவரை பேசியதெல்லாம் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பேசுகிற பேச்சு. இன்றைக்கு அவன் என்ன சமைத்தான், எப்படிச் சமைத்தான், அம்மா வைத்த மாதிரிச் சொதி அவனுக்கு வருகிறதா, இதையெல்லாம் நிதானமாகக் கேட்க வேண்டும். இடையில் இரண்டு பேரும் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. தேத்தண்ணியைக்கூடப் பெரிய கோப்பையில் ஊற்றி எடுத்து வந்து வைத்தேன்.

மணி மூன்றைத் தாண்டியதும் வந்தான். வழக்கப்படி, "அப்பா, போயிட்டு வர்றேன்" என்று ஆரம்பித்தான். சாப்பாடு கேட்டான், இருமல் கேட்டான். நாய்க்குட்டிகள் கண் திறந்துவிட்டதைச் சொன்னேன். "அப்படியா" என்றான். அவன் கண் அடிக்கடி பக்கவாட்டில் போனது. அந்தப் பக்கமிருந்து வேறொரு திரையின் வெளிச்சம் அவன் கன்னத்தில் மாறி மாறி விழுந்தது. வேலையாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம். நான் சொதியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"அப்பா, உங்க பெட்டி சூடாயிருக்கும். பட்டுனு நிக்கிறதுக்கு முன்னாடி வச்சிருவோமா?"

பழக்கத்தில் என் புறங்கை பெட்டிக்குப் போனது. அதில் சூடே இல்லை. காலையில் பைப்புத் தண்ணீர் இருப்பது போல் அவ்வளவு குளிர்ச்சி. கால் மணிகூட ஆகியிருக்காது.

"ஆமா தம்பி, கொதிக்குது," என்றேன். "வச்சிரு."

"சரிப்பா. உடம்பப் பாத்துக்குங்க. அடுத்த ஞாயித்துக்கிழம பேசுறேன்."

அவன் போன பிறகும் பெட்டி அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. தேத்தண்ணி பாதிக்கு மேல் கோப்பையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதேன். அவன் மேல் கோபம் இல்லை. சொல்லிக் கிளம்ப ஒரு காரணம் வேண்டியிருந்தது, கைக்கு எட்டிய காரணத்தை எடுத்துக்கொண்டான். நானும் கடைக்காரரைத் தீப்பெட்டிக்காக நிறுத்தி வைக்கிறவன்தானே.

பெட்டி திருத்திய கதையை நான் அவனிடம் சொல்லவே இல்லை. அடுத்த ஞாயிறு வந்தான். இருமல் கேட்டான், சாப்பாடு கேட்டான். அவன் கண் பக்கவாட்டில் போகத் தொடங்கியதும், அவனை அந்தப் பொய் சொல்ல வைப்பானேன் என்று நானே முந்திக்கொண்டேன்.

"தம்பி, பெட்டி சூடாயிருச்சுப்பா. வைக்கட்டுமா?"

"சரிப்பா," என்றான், உடனேயே.