நான் அழித்த குரல்

என் மாமியார் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் இருபத்தைந்து வருடம் படிப்பித்தவர். என்னையும் சேர்த்துக் குடும்பத்தில் பதினொரு பேரைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான். தொண்ணூறுகளில் ஓய்வுபெற்று, ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மாணவர்கள் அவருக்குப் போன் எடுப்பார்கள். மாமியின் முகம் மலர்ந்துவிடும். நான் பார்த்துப் பார்த்துச் சமைத்தால் மட்டும், "உப்புக் காணாது பிள்ளை" என்பதோடு சரி. எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது ஆன்சரிங் மெஷினில் மாமியின் பழைய மாணவி ஒருத்தியின் குரல் இருந்தது. அடுத்த சனிக்கிழமை அவளுக்கு அவசரக் கல்யாணமாம். தாயில்லாத தனக்குத் தாயின் இடத்தில் ரீச்சர்தான் வந்து நிற்கவேண்டும் என்று கெஞ்சினாள்.

நான் அதை அழித்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த பிறகு அவள் அழுதபடி மாமிக்குப் போன் எடுத்தாள். மாமி நெடுநேரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, எங்கள் மெஷின் பழசு, அடிக்கடி பழுதாகிவிடும் என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

மெஷின் புதிது. அதற்கு முந்தின மாதம்தான் மாமி வாங்கி வந்திருந்தார்.

போனை வைத்துவிட்டு, "தேத்தண்ணி போடும் பிள்ளை. உமக்கும் சேர்த்துப் போடும்" என்றார்.

அவ்வளவுதான். அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

பிழை விட்ட பிள்ளைகளை வகுப்பில் நன்றாக ஏசுவாராம். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.