வீரம்மாவின் நெற்றி

சந்திரகலா மலேசியாவின் கிள்ளானில் கல்யாணப் படம் பிடிக்கும் கடையொன்றில் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தவள். பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியில் கணினி வரைகலை படிக்கச் சேர்ந்தபோது, படத்தில் இல்லாததைச் சேர்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தாள். முதலில் அழிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மின்கம்பியை அழி, பின்னால் போகிற லோரியை அழி, சுவரிலிருக்கும் கறையை அழி. அதிகம் பேசாத பிள்ளை, ஓரமாக உட்கார்ந்து அழித்து அழித்தே கைதேர்ந்துவிட்டாள்.

கடைசிப் பருவத்தில் அவள் குழு ஒரு குறும்படம் எடுத்தது. காப்பார் கடலோரத்திலிருந்து மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவனின் மனைவியைப் பற்றிய கதை. நடிக்க வேண்டியவள் டெங்கிக் காய்ச்சலில் படுத்துவிட, இயக்குநரான யுகேந்திரன் சந்திரகலாவின் அம்மா வீரம்மாவிடம் வந்து நின்றான்.

"நடிக்கிறேன் தம்பி. தாலிய ரவிக்கைக்குள்ள விட்டுக்கறேன். பொட்ட மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

"விதவை வேஷம் லா, ஆன்டி."

"இவருக்கு அடுத்த மாசம் நெஞ்சுல ஆபரேஷன். நான் எப்படித் தம்பி எடுப்பேன்?"

நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா நாகையா மெல்லச் சொன்னார்: "என் இன்ஜின் அந்தப் பொட்டுலதான் ஓடுதுன்னு உங்க ஆன்டிக்கு நெனப்பு." லோரி ஓட்டிப் பழகிய வாய். வீரம்மா சிரிக்கவில்லை.

வாசலில் வைத்து சந்திரகலா யுகேந்திரனிடம், "பொட்டோட அப்படியே எடு. நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கறேன்," என்றாள். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

படப்பிடிப்பு முடிந்து கணினி முன் உட்கார்ந்தால், வேலை நினைத்தது போல் இல்லை. வீரம்மா ஜன்னல் பக்கம் முகம் திருப்பும் காட்சி அது. பக்கத்துத் தோலை எடுத்துப் பொட்டின் மேல் ஒட்டினால், முகம் திரும்பும்போது ஒட்டு தனியாக நகர்ந்தது. நகராமல் கட்டிப் போட்டாலும் பொய்யாகத் தெரிந்தது. "நெத்தியில பிளாஸ்டர் போட்ட மாதிரி இருக்கு," என்றார் விரிவுரையாளர். பொட்டில்லாத அதே நெற்றியின் படம் ஒன்று வேண்டும் என்றார்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, வீரம்மா தேநீரோடு பின்னால் வந்து நின்றாள்.

"யாரு அது?"

"நீதாம்மா."

வீரம்மா திரையையே பார்த்தாள். "நான் மாட்டேன்னேன். எனக்குத் தெரியாம நீ எடுத்திட்டே."

அன்று முழுக்க அவள் மகளோடு பேசவில்லை. சந்திரகலா யுகேந்திரனை அழைத்து, காட்சியை வெட்டிவிடச் சொன்னாள். "அதுதான் படமே, கலா. வெட்டிட்டு என்னத்த சமர்ப்பிக்கிறது?" என்றான். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் காட்சிக் கோப்பை நீக்கிவிடலாம் என்று கணினியைத் திறந்தாள்.

"இங்க கொண்டா, பாப்போம்," என்றார் நாகையா.

"வேணாம்பா."

"கொண்டா. வேற எப்ப நான் பாக்கப்போறேன் இத?"

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "வீரம்மா, தெனமும் குளிச்சிட்டு வர்றப்ப ஒன் நெத்தி வெறுமையாத்தானே இருக்கு? எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார்.

"அது வேற. அது எடுத்தது இல்ல. இன்னும் வைக்காதது."

"அந்த வைக்காதத புள்ள ஒரு படம் புடிச்சிக்கட்டுமே. ஆஸ்பத்திரில நான் படுத்தப்புறம் கேட்டா குடுக்க மாட்டே."

வீரம்மா அடுக்களை விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் காலை குளித்துவிட்டுப் பொட்டு வைக்காமல், தலையில் துண்டோடு வந்து, காட்சியில் உட்கார்ந்தது போலவே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சந்திரகலா அந்த வெறும் நெற்றியை அப்போதுதான் முதன்முதலாக அருகில் பார்த்தாள். பல வருடம் ஒட்டுப்பொட்டு வைத்த இடத்தில் தோல் வட்டமாக வெளுத்திருந்தது. கணினியில் அவள் போட்ட ஒட்டில் இல்லாதது அந்த வெளுப்புதான். அம்மாவை ஜன்னல் பக்கம் மெல்ல முகம் திருப்பச் சொல்லிப் படமெடுத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சும்மா."

அதற்குள் நாகையா பொட்டு அட்டையை எடுத்து வைத்திருந்தார். முதல் பொட்டு அட்டையிலிருந்து அவர் தடித்த விரலுக்கு வர மறுத்தது. இரண்டாவது வந்தது. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, நடந்து வந்து, மூடிய கண்களுக்கு மேலே புருவ நடுவில் அழுத்தி வைத்தார். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி விழுந்தது.

வீரம்மா கண்ணைத் திறந்தாள். கண்ணாடி பார்க்காமல் உலை வைக்கப் போனாள்.