பாதி மூச்சு

நனைத்துப் பிழிந்த துண்டின் வாடை. இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் ஏறினால் என் கால்கள் வாசலைத் தேடுகின்றன. எர்ணாவூர்க் குடியிருப்பில், மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துண்டு தொங்கும். அதன் கீழே ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கும். குளிப்பதற்கு அல்ல. ஒரு சாயங்காலம் பக்கத்து ஆலையிலிருந்து கேஸ் கசிந்தது. கண் எரிய, தொண்டை அடைக்க, ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினோம். இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டோம். என் மூக்கு மட்டும் அந்த ரோட்டிலேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். தாளிக்கிற கடுகை. புதுச் செருப்பை. மழைக்கு முந்தைய காற்றை. கண்டெய்னர் யார்டு ஒன்றில் வண்டிகளுக்கு கேட் சீட்டு எழுதுவது என் வேலை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அங்கே ஏதோ நெடி அடித்தது. சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். நேராக மகளின் பள்ளிக்குள் போய், பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவளைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்து வந்தேன். இருவரும் நின்று முகர்ந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை. வகுப்பு ஜன்னல்களில் முகங்கள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்கும் சேர்த்து மனைவி பேசினாள்.

"இன்னொரு தபா இப்டி பண்ணு, பொண்ண இட்டுகினு வியாசர்பாடில எங்கக்கா வூட்டுக்குப் பூடுவேன். பப்ளிக் பரீட்ச முடியற வரிக்கும் வரமாட்டேன். நீ இங்க உன் மூக்கோட குடித்தனம் பண்ணு."

அவள் சொன்னால் செய்கிறவள். அதனால்தான் அந்த வகுப்புக்குப் போனேன். ரேஷன் கடைக்குப் பின்னாலிருந்த சமூகக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும், பயத்தைக் குறைக்கச் சொல்லித்தரும் வகுப்பு. நடத்தியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். பாயில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம்.

"கண்ணை மூடிக்கங்க. மூச்சை நல்லா ஆழமா உள்ள இழுங்க."

ஒருவரும் இழுக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மா, கருவாடு விற்கிறவள், ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"இன்னாம்மா நீ, இங்க வந்து ஆழமா இழுன்ற? நாங்க பாதி மூச்சுலயே காலத்த ஓட்டிகினு கீறோம்."

கூடம் சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு வேறு பயிற்சிக்கு மாறினாள். இந்த நிமிஷம் கண்ணில் படுகிற ஐந்து, தோலில் படுகிற நான்கு, காதில் விழுகிற மூன்று என்று எண்ண வேண்டும். அதுவரை ஒழுங்காகப் போனது. மூக்கில் படுகிற இரண்டு என்றதும் பாய் கலைந்தது.

"சாம்பலு. அத்திப்பட்டு கரண்டு பாக்டரிலேர்ந்து வருது."

"யோவ், காத்து தெக்காலேர்ந்து அடிக்கிது. இது ரிபைனரி எண்ணெ."

"எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் பக்கத்துல கருவாட்டுக்காரி குந்தினுகீறா."

இரண்டு பேர் எழுந்து போய் மாடியில் காய்கிற துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டே வந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். துணியைப் பார்க்காமல் யாரும் வாடையைப் பற்றிப் பேச மாட்டோம்.

முடிவில் கையெழுத்துப் போட ஒரு தாள் வந்தது. அதன் மூலையில் சின்னதாக ஒரு முத்திரை. அதே ஆலையின் முத்திரை. பேனா என் கையில் நின்றது. எல்லோரும் போகும்வரை காத்திருந்தேன்.

"உங்களுக்குச் சம்பளம் யாரும்மா தர்றாங்க?"

"அவங்கதான் சார்."

"நாங்க மரத்துப் போவணும்னுதான் தர்றாங்களா?"

அவள் பாயைச் சுருட்டுவதை நிறுத்தினாள். "தெரியல சார். எனக்குக் குடுத்த பாடத்துல, அமைதியா இருக்கப் பழக்குங்கன்னுதான் இருக்கு. நானும் திருவொத்தியூர்தான். எங்க வீட்லயும் கதவுக்குப் பின்னாடி பக்கெட் இருக்கு." பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்: "பயம் வந்தா உடனே ஓடாதீங்க. கால தரையில அழுத்திக்கிட்டு, வர்ற ஒவ்வொரு வாடைக்கும் பேர் வைங்க. எல்லாத்துக்கும் பேர் வெச்சப்புறமும் ஒண்ணு மிஞ்சிச்சுன்னா, எழுந்திருங்க. இந்தக் கடைசி வரி பாடத்துல இல்ல."

நம்பினேனா? பாதி. ஆனால் பயிற்சி வேலை செய்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யார்டில் பயம் வரும்போது பாதத்தை சிமெண்டில் அழுத்துவேன். டீசல். துரு. நனைந்த சாக்கு. ஓட்டுநரின் பீடி. பேர் வைக்க வைக்க ஒரே பூதமாக நின்ற நாற்றம் நான்கைந்து சில்லறைச் சங்கதிகளாக உதிர்ந்துவிடும். மறுபடி சீட்டு எழுதுவேன். எழுதும்போதே அடுத்த சந்தேகம் வரும்: இந்த அமைதி என்னுடையதா, ஆலை கொடுத்ததா?

பப்ளிக் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பிற்பகல். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாடை வந்தது. எழவில்லை. காலை அழுத்தினேன். உள்ளங்கையைச் சுவரில் வைத்தேன். சாம்பல். கழிமுகச் சேறு. பக்கத்து வீட்டுக் கருவாடு. எங்கள் அடுப்பில் வேகிற பருப்பு. மிச்சம் ஒன்று இருந்தது, இனிப்பாக, நாக்கின் அடியில் இரும்பைப் போல. அதற்குப் பேர் கிடைக்கவில்லை.

முன்பென்றால் மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கியிருப்பேன். இந்த முறை கூப்பிட்டேன்.

"இங்க வா. இது இன்னா வாடைன்னு சொல்லு."

புத்தகத்தோடு வந்தாள். கண்ணை மூடிப் பாதி மூச்சு இழுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"தெர்ல நைனா. ஆனா கீது."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்த் துணியைப் பார்த்தாள். காற்று ஆலைப் பக்கமிருந்துதான் வந்தது. படியில் கருவாட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தாள். "உனுக்குமா வாத்யாரே? நாங்கூட உன் வியாதி எனக்குத் தொத்திக்கிச்சோன்னு பேஜாராயிட்டேன்."

ஓடவில்லை, நடந்தோம். மெயின் ரோட்டில் ஒரு மணி நேரம் நின்றோம். வாடை போனது. அது என்னவென்று யாரும் வந்து சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் மனைவி பையில் துணி அடுக்கினாள். "இப்பத்தான் பதறாம இருந்தேனே!" என்றேன்.

"அதான்யா பயமா கீது. உன் மூக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுத்தான் இத்தினி நாளு தைரியமா இருந்தேன்."

பையின் ஜிப்பை நான்தான் இழுத்து மூடினேன். எனக்கு வேலை இங்கே, கூடப் போக முடியாது. மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் வியாசர்பாடி பஸ்ஸில் மனைவி முதலில் ஏறினாள். மகள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்க எதுனா வாடை வந்தா போன் பண்ணு" என்றேன்.

"போன்ல எப்டி மோந்து பாப்ப? ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னா நம்புவியா, நைனா?"

"நம்ப மாட்டேன். ஆனாலும் பண்ணு."