ஓதி வாங்கிய தண்ணீர்

மல்லிகைப்பூவைத் தலையில் வைக்காமல் மார்பில் வைத்துக் கட்டிக்கொண்ட ஒரே ஆளாக நான் பார்த்தது என் சித்தியைத்தான். அம்மா சரம் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, “வத்திரும், வத்திரும்” என்று சொல்லிக்கொண்டே அதைச் சித்தியின் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவாள். ஏன் என்று கேட்டால், “ஒனக்கு எதுக்குட்டி அது? போய் வெளையாடு” என்பாள். எனக்கு அப்போது எட்டு வயது. எதைக் கண்டாலும் பயம். அதோடு, எதையும் ஏன் என்று கேட்கிற புத்தியும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிள்ளைக்குச் சோறு இறங்காது.

சித்திக்குப் பிறந்த பாப்பா பத்து நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. சித்தப்பா அவளை மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். பேச்சில்லை, அழுகையும் இல்லை. சோறு வைத்த தட்டு வைத்தபடியே திரும்பும். டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக் தலைமாட்டில் மூடி திறக்காமல் நின்றது.

தி. நகரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்வந்த அப்பா ஒருநாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் கீழ்ப்பாக்கந்தான்.”

எங்கள் தெருவில் கீழ்ப்பாக்கம் என்றால் ஊர் இல்லை, பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே போனவர்கள் திரும்பி வருவார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதினாள்.

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. சாந்தோமில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. மிச்சமிருந்தது பள்ளிவாசல். பொழுது சாய்கிற நேரத்தில் சீக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்ச் சொம்போடு பெண்கள் அதன் வாசலில் நிற்பார்கள். தொழுகை முடித்து வருகிற பாய்மார் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். வியாழக்கிழமை அம்மா சித்தியைக் கைத்தாங்கலாக எழுப்பி, திருநீறு பூசி, நடத்திக் கூட்டிப்போனாள். போகிற வழியில் பிள்ளையார் கோயில் முன்னால் நின்று, “இங்க போறேன்னு கோவிச்சுக்காதப்பா, நீயும் கூட வா” என்று சொல்லவும் மறக்கவில்லை.

சொம்பு என் கையில். “ரெண்டு கையாலயும் பிடிட்டி, சிந்திராத” என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு வேறு உலகமே இல்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா ஒருத்தி நின்றாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, வீல் வீலென்று கத்தியது.

“ஆத்தாக்காரி ஆஸ்பத்திரில கீறா. இது ராவெல்லாம் தூங்காம கத்திக்கினே கீது” என்று அம்மாவிடம் சொன்னவள், சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தாமே, செத்த புடி. கொண்டைய முடிஞ்சிக்கிறேன்.”

“அவளுக்கு ஒடம்பு சரியில்ல...” என்று அம்மா குறுக்கே வருவதற்குள் குழந்தை சித்தியின் கைக்குப் போய்விட்டது.

“கையி நல்லாத்தானே கீது!” என்றாள் மீன்காரம்மா.

குழந்தை சித்தியின் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதது. சித்தியின் கை மெல்ல எழுந்து அதன் முதுகைத் தட்டியது. பிறகு சித்தியும் அழுதாள். சத்தமாக, தெருவே பார்க்கும்படி. மீன்காரம்மா கொண்டையை முடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன், சித்தியின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. போச்சு, தண்ணீரைச் சிந்திவிட்டேன் என்று நினைத்தேன். சொம்பைக் குனிந்து பார்த்தால் விளிம்புவரை அப்படியே இருக்கிறது. அம்மாவும் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு, சித்தியின் முந்தானையை இழுத்து மூடிவிட்டாள்.

வெள்ளைத் தாடி வைத்த பாய் ஒருவர் வந்தார். குழந்தைக்கு ஊதினார், சித்திக்கு ஊதினார், சொம்பிலும் ஊதினார். என்ன ஓதினார் என்று அறிய, அவர் போனதும் சொம்பில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரைக் குடித்த சித்தி, “யக்கா, சோறு இருக்கா?” என்றாள். அம்மா பள்ளிவாசல் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். கடையிலிருந்து வந்த அப்பா, சித்தி ரசஞ்சோறு சாப்பிடுவதைப் பார்த்து, “டானிக்கு இப்பத்தான் வேலை செய்யுது” என்றார். திறக்காத பாட்டிலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பிற்பாடு என்னை ஏழாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். எது மருந்து, எது மந்திரம் என்று பிரித்துச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. அன்றைக்கு எனக்கு எல்லாமே அந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை கீழ்ப்பாக்கத்துப் பேச்சே எழவில்லை. பொழுது சாய்ந்ததும் சித்தி தானாக முகம் கழுவி, தலை சீவி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அந்தப் பிள்ள இன்னைக்கும் வருமாக்கா?” என்று கேட்டாள்.

அவள் கையில் சொம்பு இல்லை. தண்ணீர் வாங்கப் போகிறவள் சொம்பையே மறந்துவிட்டாளே, இன்னும் குணமாகவில்லையோ என்று எனக்குத் திக்கென்றது. உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தேன்.