எரிந்தால் போதாது, கதைக்க வேணும்

வயர் இழுக்கும் ஹில்மி நானா போய்விட்ட செய்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் இணையக் கம்பனிக்காரனைத் தொலைபேசியில் ஏசிக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் என் போட்டோகொப்பிக் கடையில் அன்று காலை ஒரு கம்பியூட்டரிலும் இணையம் வேலை செய்யவில்லை. "பிழை உங்க லைன்லதான். எங்க பக்கம் எல்லாம் பக்காவா இருக்கு" என்று வாசலில் நின்ற ஸ்கூல் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி முழங்கினேன்.

என் பக்கம் எவ்வளவு பக்கா என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடை கூட்டும்போது ஒரு வயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது. அனாதையாக விடுவானேன் என்று, எல்லா வயர்களும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியின் காலித் துளையில் நானே அதைச் செருகினேன். அதன் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது.

கம்பனிக்காரன் போனை வைத்ததும் வழக்கம்போல ஹில்மி நானாவின் நம்பரைத் தேடினேன். அப்போதுதான் பக்கத்து பேக்கரி சிவா வந்தான்.

"அண்ணே, யாருக்கு எடுக்கிறீங்க?"

"நானாவுக்குத்தான்."

"வைங்கண்ணே. நானா மவுத்தாகிட்டாராம். விடியக்காலை சுபஹு தொழுதிட்டு வந்து கதிரையில உக்காந்தவராம்."

போனை வைத்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதோ அவர் சொன்னது காதில் விழுந்தது. "வயர் ஒண்டுக்கு வீடு ரெண்டு வேணும் தம்பி. ரெண்டு நுனியையும் ஒரே வீட்டுக்குள்ள உட்டா, அது தனக்குத்தானே கதைச்சுக் கதைச்சு ஊர்ட வாய அடச்சிரும்." செருகியதைப் பிடுங்கினேன். கடை உயிர் பெற்றது. ஆள் போன பிறகும் என் பிழையை அவர்தான் திருத்தினார்.

பாலத்தடியிலிருந்து மடவளை வரைக்கும் டியூஷன் வகுப்பு, பார்மசி, புடவைக்கடை என்று அவர் வயர் இழுக்காத இடம் குறைவு. அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். ஏணியில் அவர் நிற்பார். அடுத்த அறையில் வயரின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுகிறவன் நான். ஓ எல் பரீட்சை வரை படித்த எனக்கு அவர் கொடுத்த பதவி 'மறுமுனை'. என் கடையை அப்படியே விட்டுவிட்டுப் போய் அந்தப் பதவியைப் பெருமையாகவே வகித்தேன்.

வயர் செருகியதும் துளையோரம் ஒரு குட்டி லைட் மினுங்கும். உலகத்தில் எல்லோரும் "லைட் எரியுதா?" என்றுதான் கேட்பார்கள். ஹில்மி நானா கேட்கமாட்டார். "கதைக்குதா?" என்பார். எரியுது நானா, வாங்க போவோம் என்றால் இறங்கி வரமாட்டார்.

"லைட்டு எரியிறது சலாம் சொல்ற மாதிரி. சலாம் சொன்னவனெல்லாம் நம்மளோட கதைக்கிறானா?"

அந்தக் கேள்வி என் வீட்டுக்குள் வந்தது என் மகள் தரணியால். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அதற்குச் சனிக்கிழமை அவள் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பன்விலையில் எங்கள் வீட்டு ரவுட்டர் முன்னறையில். அவள் மேசை பின்னறையில். "லைன் சரிவரலன்னா கொழும்புல ரூம் எடுத்துப் போயிருவேன்பா" என்றாள். அவள் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நானே வயர் இழுத்தேன். லைட் எரிந்தது, ஆனால் படம் நின்று நின்று போனது. அதன் பிறகுதான் நானாவைக் கூப்பிட்டேன்.

அவர் வயரின் முனையில் இருந்த பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கிளிப் அடிச்ச ஆரு?"

"நான்தான்."

"வடிவா ஈக்கிது. மால கட்டின மாதிரி."

"அப்பறம் ஏன் நானா அறுந்து அறுந்து போகுது?"

"மாலயா இருந்தா போகாது. இது வயர்."

"அப்பா செஞ்சா அலங்காரத்துக்குக் கொறச்சலே இருக்காது மாமா" என்றாள் தரணி.

அந்த வயருக்குள் எட்டு இழைகள். செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொன்றோடும் அதன் வெள்ளைக் கோட்டுத் துணை முறுக்கிக் கிடக்கும். நான் சோடி சோடியாக, கல்யாண வீட்டுப் பந்தி போல வரிசையாக உட்கார வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே வரிசைதான். ஆனால் முறை அதுவல்ல. நீலச் சோடி நடுவில் இருக்க வேண்டும். பச்சைச் சோடி பிரிந்து அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நிற்க வேண்டும். பச்சையின் இடத்துக்கு நான் வேறு சோடி ஆளை அனுப்பிவிட்டேன்.

"பிரிச்சு வச்சா எப்படி நானா சோடியாகும்?"

"பக்கத்துல நிக்கிறதெல்லாம் சோடியில்ல தம்பி. ஒண்டா முறுக்கிட்டு வந்ததுதான் சோடி. எட்டத்துல நிண்டாலும் அதுட கத அதுக்கு வெளங்கும்."

என் கிளிப்பை வெட்டி என் கையில் போட்டார். "கோயில்ல சாத்துங்கோ." புதிதாக அடித்துச் செருகிவிட்டு முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "கதைக்குதா மகள்?"

"கதைக்குது மாமா!"

வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் அதே வேலை அவளைக் கொழும்புக் கந்தோருக்கு அழைத்தது. வீட்டில் வைத்திருக்க நான் இழுத்த வயர் வழியாகவே என் மகள் போய்விட்டாள். எனக்குக் கோபம். அவள் அழைத்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை மனைவியிடம் கொடுத்துவிடுவேன்.

நானா கடையைத் தாண்டும்போதெல்லாம் கேட்பார். "மகள் கதைக்குதா?"

"கோல் எடுக்கிறா நானா."

"அது லைட்டு. நான் கேட்டது கத."

நான் போட்டோகொப்பி மெஷினுக்குள் தலையை விட்டு எதையோ திருத்துவேன்.

நானா போன அன்று மத்தியானமே தரணி கொழும்பிலிருந்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே பெண்களோடு அவள் இருந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்களோடு நான் மையவாடிக்குப் போய் மண் போட்டேன். திரும்பும்போது பன்விலை பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாலம் தாண்டியதும் தரணிதான் தொடங்கினாள்.

"மாமா அடிக்கடி கோல் எடுப்பாருப்பா" என்றாள். "எடுத்ததும், 'ஒங்கட வாப்பா கதைக்கிறாரா?'ன்னு கேப்பாரு."

மனுஷன் இரண்டு முனையிலும் நின்று பார்த்திருக்கிறார். மறுமுனை நான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

"நீ என்னம்மா சொன்ன?"

"லைட்டு எரியுது மாமான்னு சொன்னேன்."

என்னை மீறிச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. முன் ஆசனத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா திரும்பிப் பார்த்து முறைத்தார். பிறகு தரணி பேசினாள். கந்தோரில் தன் மேசைக்குக் கீழே கிடக்கும் வயர்ச் சிக்கலைப் பற்றி, போர்டிங்கில் உப்பில்லாத சம்பலைப் பற்றி, கொழும்பு வெக்கையைப் பற்றி. நானும் பேசினேன். காலையில் கம்பனிக்காரனை ஏசிய கதையைச் சொன்னபோது, "அப்பா, கோல் எடுத்து அவருகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் வெட்டிப் போட்ட என் அழகான கிளிப் இன்னும் கடை ஆணியில் தொங்குகிறது. அதையும் அவருடைய ஒற்றைக் கேள்வியையும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு, மகளின் பேச்சு நின்றுவிடக்கூடாதே என்று, பஸ்ஸில் நான் வாய்விட்டுச் சொல்லாத பதில் ஒன்று உண்டு.

கதைக்குது, நானா.